இரும்புக்குப் பால் காய்ச்சினேன்

எனக்கு ஒரு குணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் "விளங்கினதோ?" என்று யாராவது கேட்டால் "ஓம்" என்று தலை தானாக ஆடிவிடும். இந்தத் தலையால் நான் பட்டது கொஞ்சமல்ல. அதில் பெரியது இத்தாலியில், பலேர்மோவில், தொண்ணூறுகளின் நடுவில், குளிருக்காக ஒரு வீட்டுக்கு முதன்முதலாகச் சூடு போட்ட நாள்.

அப்போது அங்கே கால்சாப் பகுதியில் ஒரு விதவைச் சிஞ்ஞோரா, அதாவது ஒரு அம்மா, வீட்டில் வேலை. ஆறு அறை. அறைக்கு ஒன்றாகச் சுவரோரம் ஓர் இரும்பு, விலா எலும்பு மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்தது சித்திரையில். கோடை முழுக்க அதைத் தூசி துடைத்ததும் அதில் துவாய் காயப்போட்டதும்தான். வேறு பயன் கண்டதில்லை.

கார்த்திகை பிறந்து கடற்காற்று குளிரத் தொடங்கியதும் சிஞ்ஞோரா விளக்கினார். சமையலறைச் சுவரில் இருக்கும் பெட்டியின் குமிழைத் திருப்பினால் உள்ளே நெருப்புப் பற்றுமாம். தண்ணீர் சுட்டு எல்லா இரும்புக்கும் ஓடி அறைகளைச் சூடாக்குமாம். சூட்டில் வீட்டுக் காற்று வறண்டு தொண்டை கட்டாமலிருக்க, ஒவ்வொரு இரும்பிலும் கொளுவியிருக்கும் பீங்கான் பெட்டிக்குள் தண்ணீர் விடவேண்டுமாம். போன வருடத்துத் தண்ணீர் அதில் வெள்ளைப் படையாகப் பிடித்திருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து இரவு முழுக்க ஊறவிடச் சொன்னார். ஆறு பெட்டியிலும் ஊறவிட்டேன்.

"நாளைக்கு மத்தியானம் என்ரை தம்பி சாப்பிட வாறான். அதுக்கிடையிலை வீடு சுட்டிருக்கவேணும். குளிர்ந்தால் அவன் பேனையை வெளியிலை எடுக்கமாட்டான். விளங்கினதோ?" (சிஞ்ஞோரா சொன்னது இத்தாலியனில். எனக்குள் அது இப்படித்தான் இறங்கும்.)

தலை ஆடியது.

அந்தப் பேனைதான் எனக்கு உயிர். தம்பியார் அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர். என் மகள் வசந்தி எட்டு மாதமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தாள். அவளைத் தன் வீட்டு வேலைக்கு எடுப்பதாக அவர் கடுதாசியில் கையெழுத்துப் போட்டால்தான் விசா.

அன்றிரவு யோசித்தேன். புது அடுப்பு. முதல் நெருப்பு. பிள்ளையின் கடுதாசி கையெழுத்தாகிற நாள். பால் பொங்காமல் மூட்டலாமா? எங்கள் ஆட்களில் எவளாவது மூட்டுவாளா? பால் பொங்க இந்த வீட்டில் பாத்திரமும் தயாராகத் தொங்குகிறதே, ஒன்றல்ல, ஆறு!

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். ஒன்பது மணிக்குச் சிஞ்ஞோரா தேவாலயப் பூசைக்குப் போனதும், பெட்டிகளில் இருந்த எலுமிச்சைத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு (கழுவ நேரம் இருக்கவில்லை, ராகு துரத்திக்கொண்டிருந்தார்) ஆறிலும் பாலை விட்டேன். கும்பிட்டுக் குமிழைத் திருப்பினேன்.

தூசி கருகுகிற மணம் வந்தது. இரும்பு சுட்டது. பால் அசையவில்லை. குமிழைக் கடைசிமட்டும் திருப்பினேன். அறை அறையாக ஓடி எட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

கீழ்மாடியில் வேலை செய்த பிலோமினா வெங்காயம் கேட்டு வந்தாள். மன்னார்ப் பிள்ளை, வாய்காரி.

"என்னக்கா, வீடு போறணை மாதிரிக் கொதிக்குது?"

"பால் காய்ச்சுறன்."

"எங்கை?"

காட்டினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உது பொங்காது. உது ஆக்களுக்குக் குளிராமல் இருக்கிறதுக்கு."

"நெருப்பு எண்டால் பொங்கும். நீ சும்மா இரு."

"அப்ப காஸிலை ஒரு சட்டியை வைச்சுப் பொங்கவிட்டிட்டு விடுங்கோவன்."

"காஸிலை பொங்கினால் காஸுக்குத்தான் நல்லது. நான் மூட்டினது இதையல்லோ?"

"எங்களுக்கு சுவாமி வந்து தண்ணி தெளிச்சால் அலுவல் முடிஞ்சுது. உங்கடை ஆக்களுக்குத்தான் ஒரு லீற்றர் பால் வேணும்."

"மூண்டு லீற்றர்," என்றேன். உண்மையை மறைத்துப் பழக்கமில்லை.

அவள் வெங்காயத்தையும் மறந்து போய்விட்டாள். எனக்கு ரோசம். சூடு வெளியே போவதால்தான் பொங்கவில்லை என்று கண்டுபிடித்தேன். யன்னல்களை அடைத்தேன். ஐந்து இரும்புக்கும் கம்பளி போர்த்தினேன். சாப்பாட்டறை இரும்புக்குக் கம்பளி காணவில்லை. அலுமாரியைத் திறந்து சிஞ்ஞோராவின் மென்மயிர்க் கோட்டை எடுத்து, பிள்ளைக்குப் போடுவது போலப் பொத்தானும் பூட்டிவிட்டேன்.

பத்தரை தாண்டிவிட்டது. கோட்டை விலக்கிப் பார்த்தேன். பால் பொங்கவில்லை, திரைந்திருந்தது. கட்டி வேறு, தண்ணீர் வேறு. ஓடிப்போய் மற்ற ஐந்தையும் பார்த்தேன். எல்லாம் அப்படியே. எலுமிச்சம்பழம் தன் வேலையைக் காட்டிவிட்டது. புது அடுப்பில் பால் திரைவதென்றால் அதற்குமேல் ஒரு சகுனம் இல்லை. வசந்தியின் விசா ஆறு பெட்டியிலும் திரைந்து கிடப்பதாகவே எனக்குத் தெரிந்தது. பெட்டிகளைக் கழற்றப் போனால் கை வெந்தது. நிலத்தில் குந்தி அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியாது, கதவு திறந்தது.

பூசை முடிந்து வந்த சிஞ்ஞோராவோடு அவ்வொக்காத்தோ தொப்பி, கழுத்துத்துணி, கையுறை, நீளக் கோட்டு எல்லாவற்றோடும் வந்தார். இரண்டு அடி வைத்ததும் தொப்பியைக் கழற்றினார். நாலாம் அடியில் கோட்டு. சாப்பாட்டு மேசைக்கு வந்துசேர்ந்தபோது கழுத்துப்பட்டியும் சட்டையும் போய், பெனியனோடு நின்றார்.

சிஞ்ஞோரா மூலையைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "என்ரை கோட்டுக்குள்ளை ஆர் நிக்கிறது?"

"அதுக்குக் குளிருது, சிஞ்ஞோரா," என்றேன்.

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

தம்பியார் மூக்கைச் சுருக்கி மணம் பிடித்துக்கொண்டே போனார். பொத்தானைக் கழற்றினார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுண்டுவிரலால் கொஞ்சம் தோண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். அவசரத்துக்குப் பிலோமினாவின் மாதாவையும் விடவில்லை.

"ரிகொத்தா," என்றார். சிசிலிக்காரர் பாலைத் திரையவைத்து ஆசையாகத் தின்னும் பாற்கட்டி அது. இன்னொரு விரல் எடுத்து வைத்து யோசித்தார். "உப்புக் காணாது."

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளக்கினேன். புது நெருப்பு. பால் மேலே. வீடு நல்லம். மகள் நல்லம்.

அவர் சிரிக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மகளின்ரை கடுதாசி எங்கை? கெதியாக் கொண்டுவா, நான் உருகமுதல்."

பெனியனோடு கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தில் ஒரு வியர்வைத் துளி விழுந்தது. அதற்குப் பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே போய் யன்னல் முழுவதையும் திறந்துவிட்டார். சிஞ்ஞோரா என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. அந்தக் கோட்டு மாரி முழுக்கப் புளித்த பால் மணம் மணத்தது. பூசையில் பக்கத்தில் இருந்தவர்கள் ஆட்டுக்காரன் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்களாம்.

வைகாசியில் வசந்தி வந்து சேர்ந்தாள். இப்போது அவளுக்குப் பலேர்மோவிலேயே ஒரேத்தோப் பக்கம் சொந்த வீடு, கலியாணமும் ஆகிவிட்டது. வருடாவருடம் அவள் முதல் நாள் சூடு போடும்போது, பால் திரைந்த அன்றைக்கு அங்கே இல்லாத என் மருமகன் இரும்பைச் சுண்டுவிரலால் தொட்டு, வாயில் வைத்து, கண்ணை மூடுவார்.

"மாமி, உப்புக் காணாது."

நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சிசிலியில் பிறந்து, ரிகொத்தா தின்று வளர்ந்த ஒரு அவ்வொக்காத்தோ, உப்புக்குத்தான் குறை சொன்னார். வேறொரு குறையும் அவர் வாயில் வரவில்லை.