ஆளுக்கொரு நேரம்

அன்று நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. இலையுதிர்கால ஞாயிறு ஒன்றில், ஒஸ்லோவில் ஒரு பழைய பண்ணைத் தோட்டத்து அருங்காட்சியகத்தில் குடும்ப நாள் நடந்தது. அதில் எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோலாட்டம் ஆட வேண்டும்.
2. நம்மவர்கள் பிந்தி வருவார்கள் என்பதால், ஏழு குடும்பங்களுக்கும் ஏழு விதமான பொய் நேரங்கள் சொல்லப்பட்டன.
3. ஏழு குடும்பங்களும் சொன்ன நேரத்துக்கு வந்தன. (ஒரு குடும்பம் அதற்கும் முன்பே வந்தது.)
4. ஒரே ஒருத்தி மட்டும் வரவில்லை.
5. பாட்டு இசைத்தட்டு அவளுடைய பையில் இருந்தது.

அந்த ஒருத்தி யார் என்பதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பொறியியல் முடித்து, மென்பொருள்களில் பிழை தேடும் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் செய்த பிழைகளைக் கண்டுபிடித்து, இலக்கமிட்டு, அவர்களுக்கே அனுப்பிவைப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். இப்படியொரு வேலை இருபத்து மூன்று வயதுக்காரி ஒருத்தியின் குணத்துக்கு நல்லதல்ல.

முந்தைய ஆண்டும் அதே குடும்ப நாள், அதே கோலாட்டம். அன்று பன்னிரண்டு மணிக்கு மேடையில் நின்றவர்கள் இரண்டு பிள்ளைகள். ஐம்பது நிமிடம் கழித்து மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது, பார்வையாளர்கள் எழுந்துபோய் வாஃபிள் பலகாரம் வாங்கும் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் வெறும் இருக்கை வாங்குகளுக்கு முன்னால் ஆடினார்கள். ரதி அக்காவின் மகள் சாதனாவுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய வகுப்பு ஆசிரியை அவளைப் பார்ப்பதற்கென்றே வந்து, அரை மணி நேரம் ஈர மேப்பிள் இலைகளுக்கு நடுவில் நின்றுவிட்டுப் போய்விட்டார். சாதனா அழவில்லை. காரில் ஏறும்போது, "இனி நான் டீச்சரைக் கூப்பிட மாட்டன்" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் அடுத்த ஆண்டும் கூப்பிட்டாள். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு ஒத்திகையில் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இந்த முறை டீச்சர் வந்தா எங்களைப் பாப்பாவோ?"

"ஓம். கட்டாயம் பாப்பா. அதுக்கு நான் பொறுப்பு."

அருங்காட்சியகத்தில் நிகழ்ச்சிகளைக் கவனித்த அன்னெ-கிரெதெ என்ற பெண்மணியும் மென்மையாக ஒரு செய்தி சொல்லியிருந்தார்: இந்த முறையும் பிந்தினால், அடுத்த ஆண்டு அந்த இருபது நிமிடத்தை அக்கார்டியன் வாசிக்கும் முதியவர்களுக்கே சேர்த்துக் கொடுத்துவிடுவார்களாம். நொர்வேஜியர்கள் மென்மையாகச் சொன்னால் முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

எனவே, ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த நான் எக்செல் அட்டவணை ஒன்றைத் திறந்தேன்.

கடந்த ஐந்து நிகழ்ச்சிகளில் (இரண்டு பிறந்தநாள், ஒரு கலைவிழா, ஒரு சாமத்தியவீட்டுப் பூப்புவிழா, மேற்படி கோலாட்டம்) ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு பிந்தி வந்தது என்பதை நினைவிலிருந்து எடுத்துச் சராசரி கண்டேன். லோறென்ஸ்கூக்கில் இருக்கும் ரதி அக்கா குடும்பம்: தொண்ணூறு நிமிடம். திராமனில் இருக்கும் வாசுகி அக்கா குடும்பம்: எழுபத்தைந்து. இப்படியே போய், எங்கள் அம்மா: நாற்பது. எல்லோரும் பதினொரு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. பதினொன்றிலிருந்து அவரவர் சராசரியைக் கழித்தால் அவரவருக்குச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிடும். ரதி அக்காவுக்கு ஒன்பதரை. வாசுகி அக்காவுக்கு ஒன்பதே முக்கால். அம்மாவுக்குப் பத்து இருபது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரலும் சேர்த்தேன். ரதி அக்காவுக்கு நேரே, ‘பதினைந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொன்னால் இன்னும் வீட்டில் நிற்கிறார் என்று பொருள்.’ அம்மாவுக்கு நேரே, ‘படியிறங்கிய பின் அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போவார்.’ எல்லாம் நொர்வேஜிய மொழியில். என் அவசர எழுத்து அந்த மொழியில்தான் வரும்.

பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஒன்பதரைக்கோ?" என்றார் ரதி அக்கா. "பன்னிரண்டு மணி ஆட்டத்துக்கு ஒன்பதரைக்கு வந்து என்னடி பிள்ளை செய்யிறது?"

"உங்களுக்கு வேற வேலை இருக்கு அக்கா. உடுப்பு சரிபாக்கோணும். மற்றவைக்கு இதைச் சொல்லாதேங்கோ, ஆளுக்கொரு வேலை குடுத்திருக்கிறன்."

"ஓம் ஓம், நீர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியம் இன்றும் என் காதில் குத்துகிறது.

அந்த ஞாயிறு, கோடைக்காக நாடே முன்தள்ளி வைத்த கோடைகால நேரம் முடியும் நாளும்கூட. மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை; நிகழ்ச்சிக்காக நான் எழுதிவைத்த வேலைப் பட்டியலில் பதினேழாவது வேலை அதுதான். சனிக்கிழமை படுக்கப் போகுமுன், நானும் அம்மாவும் இருக்கும் ஹொல்ம்லியா வீட்டுச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி, ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்து, அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தையும் திருத்திவிட்டு, பதினேழுக்குச் ‘சரி’ போட்டேன். பதினெட்டாவது வேலை, கைத்தொலைபேசியை அணைத்து வைத்தல். (காலையில் யாராவது அழைத்து, "எங்களுக்கு எத்தனை மணி, அவைக்கு எத்தனை மணி" என்று தொடங்கினால் திட்டம் கெட்டுவிடும்.) அதற்கும் ‘சரி’.

காலையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சேலை கட்டி, பை தூக்கி, தன் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தபடி வாசலில் நின்றார்.

"நான் போறன் பிள்ளை. ட்ரெயினைப் பிடிக்கோணும்."

சுவரைப் பார்த்தேன். எட்டு இருபது. பத்து இருபதுக்குப் போய்ச் சேர வேண்டியவர், வாழ்நாளில் முதன்முறையாக, இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் புறப்படுகிறார். அடுப்பைப் பார்க்கக்கூடத் திரும்பி வரவில்லை. பிழை தேடிச் சம்பளம் வாங்கும் ஒருத்திக்கு இதில் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு: என் முறை வேலை செய்கிறது.

நான் பத்து மணிக்குப் புறப்பட்டேன். ரயிலிறங்கிய இடத்தில் நிலையத்துப் பெரிய மணிக்கூடு பதினொன்று இருபது என்றது. என் கையில் பத்து இருபது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய நாடு, ரயில் நிலைய மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்க ஒரு ஆள் இல்லை. திங்கட்கிழமை அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று பட்டியலில் எழுதிக்கொண்டேன். (பத்தொன்பது.)

பேருந்து எட்டு நிமிடம் பிந்தியது. எரிச்சலோடு அதையும் குறித்துக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தின் பின்வாசலால் நுழைந்தேன். ஆப்பிள் பிழிகிற வாசனை. தூறல். பழைய மரக் களஞ்சியத்துக்கு முன்பக்கம்தான் மேடை. நான் களஞ்சியத்தின் பின்கதவால் உள்ளே போனேன். கம்புகள் தட்டும் சத்தம் கேட்டது. தாய்மார் வாயாலேயே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். என் கையில் பதினொன்று எட்டு. வந்ததும் வராததுமாக ஒத்திகை! பிள்ளைகளை இப்போதே களைக்க வைத்தால் பன்னிரண்டு மணிக்கு யார் ஆடுவது?

திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பலமாகத் தட்டினேன்.

"சரி, சரி, நிப்பாட்டுங்கோ! ஒத்திகை காணும்! பிள்ளையள் களைச்சுப் போடுவினம்!"

கம்புகள் நின்றன. பாட்டு நின்றது. பன்னிரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்று யோசித்தபடி திரும்பினேன்.

எதிரே வாங்குகள் நிறைய மனிதர்கள். நூறு பேருக்குக் குறையாது. மழைச்சட்டை போட்ட குழந்தைகள், கையில் வாஃபிள் பிடித்த தாத்தாக்கள், குழந்தை வண்டிகள். முதல் வரிசையில் ஒரு பெண் புகைப்படக் கருவியைக் கண்ணுக்கு நேரே தூக்கியபடி அப்படியே உறைந்திருந்தார். சாதனாவின் ஆசிரியை. அவருக்குப் பக்கத்தில் அன்னெ-கிரெதெ. ஓரத்தில் அக்கார்டியன்களை மடியில் வைத்திருந்த நான்கு முதியவர்கள்.

யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். என் வருகையும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும்.

"அக்கா," என்றாள் சாதனா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்கள் லேற்."

"நான் லேற்றோ? இன்னும் பதினொன்றேகாலும் ஆகேல்லையே."

"பன்னிரண்டு எட்டு," என்றார் ரதி அக்கா மேடை ஓரத்திலிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் பார்வையாளர்களுக்காகப் புன்னகைத்துக்கொண்டு. "தங்கச்சி, பிள்ளையள் ஆட வேணும். அங்காலை போய் நில்லும்."

"அக்கா, பாட்டு என்னட்டை இருக்கு..."

"உம்மட பாட்டு ஆருக்கு வேணும்? போம் எண்டுறன்!"

போனேன். வைக்கோல் கட்டு ஒன்றின் பின்னால் இசைத்தட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். தாய்மார் ஏழு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். எனக்கு ஒரு விடயம் புரியவில்லை: இசைத்தட்டு இல்லாமல் இவ்வளவு ஒற்றுமையாகப் பாட இவர்கள் எங்கே பழகினார்கள்? ஒரு கம்பும் தவறவில்லை. சாதனா ஒவ்வொரு சுற்றிலும் முதல் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றிலும் ஆசிரியை அங்கே இருந்தார்.

ஆட்டம் முடிய பன்னிரண்டு இருபத்தைந்து ஆனது. அக்கார்டியன் குழு ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏற்பட்ட ஒரே தாமதம் அதுதான்.

களஞ்சியத்துக்குள் சூடான கொக்கோவோடு விசாரணை நடந்தது.

முந்தைய ஆண்டு வெறும் வாங்குகளைப் பார்த்த அன்றே, இனிப் பிந்துவதில்லை என்று தாய்மார் தங்களுக்குள் முடிவெடுத்திருந்தார்களாம். இது எனக்குத் தெரியாது. என் அட்டவணையில் வெட்கத்துக்கு ஒரு நிரல் இருக்கவில்லை. ஆகவே எல்லோரும் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள். ரதி அக்கா வீட்டில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்க மறந்துபோனதால், அவர் ஒன்பதரை என்று நினைத்து வந்து நின்ற நேரம் எட்டரை. பூட்டிய வாசல், தூறல், பட்டுப் பாவாடையில் மூன்று பிள்ளைகள்.

"உமக்குப் போன் அடிச்சு அடிச்சு என்ர விரல் தேஞ்சு போச்சு!" என்றார் ரதி அக்கா.

பிறகு வாசுகி அக்கா வந்தார். "உமக்கு எத்தனை மணி சொன்னவள்?" "எனக்கு ஒன்பதே முக்கால். உமக்கு?" இப்படியே ஒவ்வொரு காராக வந்து நிற்க, கணக்குப் புரியத் தொடங்கியது. குளிருக்குப் பிள்ளைகள் நடுங்க, வாசலிலேயே கோலாட்டம் ஆட விட்டு, தாய்மார் பாடிப் பாடிச் சூடேற்றியிருக்கிறார்கள். பத்து மணிக்கு அன்னெ-கிரெதெ வந்து, மனமிரங்கி, களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். உள்ளேயும் ஆட்டம் தொடர்ந்தது. மேடையேறுவதற்கு முன் பதினாறு தரம் ஆடியாயிற்றாம்.

அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் ஒழுங்கானவளாக, பங்குபற்றுவோர் பட்டியலை அன்னெ-கிரெதெக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். ஒரே ஒரு பிழை: நிரல்கள் எதையும் நீக்காமல் அனுப்பியிருந்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களைச் சரிபார்ப்பதற்காக, சத்தமாக, அன்பாக வாசித்திருக்கிறார். பெயர். பிள்ளைகளின் எண்ணிக்கை. சராசரித் தாமதம். குறிப்பு.

"அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போவாவாமே?" என்றார் அம்மா.

"அம்மா, அது சும்மா... ஆனா வீட்டு மணிக்கூடு பிழை. நான் ராத்திரி சரியாத்தான் பின்னுக்கு வைச்சனான்."

அம்மா கொக்கோக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீயும் வைச்சனியோ? நான் சாப்பிட்ட கையோடை மாத்திட்டனே!"

நாற்பது நிமிடக்காரி, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு வேலையை நேரத்தோடு செய்திருந்தார். அதைச் செய்வதற்கு அந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

புறப்படும்போது ரதி அக்கா அந்தத் தாளை அன்னெ-கிரெதெயிடம் கேட்டு வாங்கினார். பேனா எடுத்து, அடியில் எட்டாவதாக ஒரு வரி சேர்த்தார். பெயர்: மைதிலி. பிள்ளைகள்: இல்லை. தாமதம்: பதினொன்றிலிருந்து அறுபத்தெட்டு நிமிடம். குறிப்பு: ‘பாட்டும் இவவிடம்.’

பல ஆண்டுகள் கழித்து என் கல்யாண அழைப்பிதழ் போனபோது, வாசுகி அக்கா அழைத்து மிகவும் பணிவாகக் கேட்டார்: "இதில போட்டிருக்கிறது உண்மையான நேரமோ, எங்கட நேரமோ?" மண்டபத்தில் எல்லோரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். என் தலைமுடி அலங்காரம்தான் முடியவில்லை.

இப்போதைய நிலை இது. இலையுதிர்காலக் குடும்ப நாளில் எங்கள் கோலாட்டம் இன்னும் நடக்கிறது, இன்னும் பன்னிரண்டு மணிக்குத்தான். பாட்டைத் தாய்மாரே பாடுகிறார்கள். அந்தத் தாள் லோறென்ஸ்கூக்கில் ரதி அக்காவின் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டை அம்மா மட்டும்தான் தொடலாம். எனக்கு எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு மணித்தியாலம் எட்டு நிமிடம் முன்னதாகவே நேரம் சொல்கிறார்கள். அது பொய் நேரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போய் நிற்கிறேன்.