தன்சீல் ஏற்றிய வேகம்

கம்ப்யூட்டர் திரை மூன்றாவது முறையாக நீலமாகி நின்றபோது, மேனேஜர் இருதயராஜ் சரியாகப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாப்பா தன்சீல், மறுபடியும் புட்டுக்கிச்சா?"

"சேச்சே! ஸ்பீடு ஏத்தும்போது அப்படித்தான் சார் இருக்கும். நான் இருக்கேன்ல?"

தன்சீல் அகமது, ஆம்பூரில் அந்த ஷூ ஃபேக்டரியின் டிசைனர். "நான் இருக்கேன்ல" என்று அவன் சொல்லிவிட்டால், விவரம் தெரிந்தவர்கள் நாலடி தள்ளி நின்றுகொள்வார்கள்.

மூன்று மணிக்கு ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்கும் பையர் அம்மாள் வருகிறார். அதற்குள் பதினெட்டு மாடல்களும் நிஜ ஷூ மாதிரியே திரையில் சுழல வேண்டும். கம்ப்யூட்டர் ஓடுகிற ஓட்டத்துக்கு வேலை முடிய நாலரை ஆகும். ஆர்டர் கைநழுவினால் இரண்டாவது ஷிப்டையே மூடிவிடுவார்கள். அந்த ஷிப்டில்தான் அவன் மனைவி பில்கிஸ் மெஷின் தைக்கிறாள். பயல் பயந்துதான் போயிருந்தான், முகத்தில் காட்டவில்லை.

அதனால்தான் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் வேகத்தை ஏற்றக் கிளம்பினான். முறையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கொஞ்சம் ஏற்று, ஓடவிட்டுச் சோதி, சூட்டைப் பார், அப்புறம் இன்னும் கொஞ்சம் ஏற்று. நல்ல முறைதான், ஆனால் ஒரு நாள் பிடிக்கும். தன்சீல் எல்லாக் கொஞ்சத்தையும் சேர்த்து ஒரே தடவையில் ஏற்றினான். அதன் பலன்தான் அந்த மூன்று நீலம்.

"பிராசசர் ஓடுது சார். மெமரிதான் கூட ஓட மாட்டேங்குது. அதான் பேஜாரு" என்று மெமரியையும் ஏற்றினான். கம்ப்யூட்டர் மூன்று தரம் பீப்பென்று கத்திவிட்டு இருட்டாகிப் போனது. உள்ளே இருந்த குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டி உயிர் கொடுப்பதற்குள் மணி பன்னிரண்டு.

இம்முறை வேகத்தோடு வோல்டேஜையும் ஏற்றினான். ஆகா, ஓடியது! கூடவே சூடும் தொண்ணூற்றெட்டு டிகிரிக்கு ஓடியது.

"ஃபேன் வச்சா சரியாப்பூடும் சார்."

பேக்கிங் பிரிவிலிருந்து ஆள் உயர ஃபேன் வந்தது. கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து வைத்து அதைப் போட்டதும், ஃபேக்டரியிலிருந்த தோல் தூசி மொத்தமும் உள்ளே போய் உட்கார்ந்தது. கம்ப்யூட்டரின் சின்ன விசிறி இருமி இருமி நின்றே விட்டது.

தூசியைத் தட்டி நிமிர்ந்த தன்சீலின் கண்ணில் அப்போதுதான் குளிர் மெஷின் பட்டது. அச்சில் சூடாக இழுத்து ஒட்டிய ஷூ, பெல்ட்டில் அதற்குள் போய், ஜில்லென்று இறுகி, வடிவம் குலையாமல் வெளியே வரும். ஷூவுக்கு ஒத்துக்கொள்வது கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளாதா?

லைன் மெக்கானிக் காசி தலையைச் சொறிந்தார். "இதை அதுக்குள்ள வச்சா ஷூவை இன்னா தம்பி பண்றது?"

"லைனை நிறுத்துண்ணே. ஒரு நாள்தானே!"

காசி மேனேஜரைப் பார்த்தார்.

"ஆர்டர்தான்யா முக்கியம். நிறுத்து" என்றார் இருதயராஜ்.

பெல்ட் நின்றது. லைன் ஆட்கள் சந்தோஷமாக டீக்குப் போனார்கள். பாலிதீன் சுற்றிய கேபினட் குளிர் மெஷினுக்குள் குடியேறியது. ஒயர்கள் மட்டும் நீளமாக வெளியே வந்து மானிட்டரில் சேர்ந்தன. சூடு மளமளவென்று நாற்பதுக்கு இறங்கியது.

"பாத்தியாண்ணே? மூளை வேணும், மூளை!"

மாடல்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசி மாடல் முடிந்தபோது மணி ஐந்து. சும்மா விட்டிருந்தால் நாலரைக்கே முடிந்திருக்குமே என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நல்லவேளை, பையர் அம்மாளும் பிரியாணியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய சென்னை ஏஜென்ட் கிறிஸ்டினா.

"வெல்கம் மேடம்!" தன்சீல் ஒரு பட்டனைத் தட்டினான். பதினெட்டு ஷூக்களும் வழுக்கிக்கொண்டு சுழன்றன. இருதயராஜ் கைதட்டினார். தன்சீலுக்கோ, பில்கிஸின் வேலை பிழைத்தது என்று மனசு துள்ளியது.

பையர் அம்மாள் திரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிறிஸ்டினாவிடம் ஏதோ சொன்னார்.

"போன மாசம் நீங்க அனுப்பின பென்சில் படத்துலயே எல்லா மாடலும் ஓகே ஆயிடுச்சாம் சார்" என்றாள் கிறிஸ்டினா. "போன ஷிப்மென்ட்ல ஷூ மூக்கெல்லாம் கோணிக்கிச்சு இல்ல, அதனால உங்க குளிர் மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு மட்டும் பாத்துட்டுக் கையெழுத்து போட்டுடுவாங்களாம், அது எங்க இருக்கு?"