செத்த ஒலிக்கு வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கடைத்தெருக் கோடியில் இருந்த ஸ்பீக்கர் கடையில் கூட்டம் முண்டியடிக்கும். ஸ்பீக்கர் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். காது திறந்துகொள்ள வந்த கூட்டம்!

கடைக்காரரைக் கடைக்காரர் என்று சொன்னால் கோபம் வரும். அவர் ஒலிஞானி. வெள்ளைச் சட்டை, பாதி மூடிய கண், கையில் ஒரு ரிமோட். ஞானத்துக்கு மொத்த முதலீடே அவ்வளவுதான்.

"பழைய ஸ்பீக்கர் இருக்கிற வீட்ல ஒலி செத்துப் போயிருக்கும். வருஷக்கணக்கா மரப்பெட்டிக்குள்ள அடைஞ்சு கிடக்கிற சத்தம் அது. அதைக் குடும்பத்தோட கேட்டா, தூக்கம் வருமா? பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறுமா?" என்பார்.

சத்தம் எப்படிப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும், அதென்ன கிடங்கில் போட்ட மூட்டையா என்று ஒருவரும் கேட்கவில்லை. வக்கீல் தலையாட்டினார். பேராசிரியர் தலையாட்டினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, பழைய பெட்டியில் ஒரு பாட்டு பாடும். பிறகு அதே பாட்டு புதுப் பெட்டியில்.

"இப்போ?"

"ஆஹா!"

யாராவது வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஞானி கோபித்துக்கொள்ள மாட்டார். பரிதாபப்படுவார். "உங்க காது இன்னும் பழுக்கலை." பழுக்க வைக்கவும் அங்கேயே வகுப்பு உண்டு, தனிக் கட்டணத்தில். பழுக்காத காது என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை?

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆடிட்டர், அடுத்தவர் கணக்கில் ஒரு துளி பிசகினாலும் மோப்பம் பிடித்துவிடுகிற மனிதர். மூக்கை மட்டும் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டிலிருந்த பழைய ஸ்பீக்கர்களை ஞானியின் ஆட்கள் 'அடக்கம் செய்ய' எடுத்துப் போனபோது, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். புதுப் பெட்டியைக் கேட்டுவிட்டு, "அப்படியேதாங்க இருக்கு. சத்தம்தான் கொஞ்சம் கூட வெச்சிருக்கீங்க" என்றாள்.

"உனக்குக் காது பழுக்கலை. பழுக்காத காதோட கேட்டா பெட்டியே கெட்டுடும்னு ஞானி சொல்லியிருக்கார். நீ இதைத் தொடாதே."

அன்றிலிருந்து அவள் சமைக்கும்போது பாட்டுப் போடுவதில்லை. கூடவே முணுமுணுப்பதும் நின்றுபோயிற்று. தன் காதில்தான் ஏதோ கோளாறோ என்று ஒருநாள் காது டாக்டரிடம்கூடப் போய்வந்தாள். கோளாறு இல்லை என்று அவர் சொன்னதை ஆடிட்டர் நம்பவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. அதையும் புதுப் பெட்டியின் மகிமை என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, காது பழுக்க வைக்க அவளையும் கடைக்கு இழுத்துப் போனார்.

"கண்ணை மூடுங்க" என்றார் ஞானி. கடையே கண்ணை மூடிக்கொண்டது. அவள் மூடவில்லை. பாட்டு புதுப் பெட்டிக்கு மாறிய நொடியில், ரிமோட்டின் மேல் ஞானியின் கட்டைவிரல் சத்தத்தைக் கொஞ்சமாக ஏற்றியதைப் பார்த்தாள்.

எழுந்து நின்றாள். "ஐயா, ரெண்டு பெட்டியையும் திரை போட்டு மறைச்சிடலாமா? நான் போடுறேன். எது பழசு, எது புதுசுன்னு நீங்க சொல்லுங்க."

ஞானி சிரித்தார். "நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா ஒலி சுருங்கிடும்மா."

அவரைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருந்தது. அதைக் கெடுத்தவர் அவருடைய முதல் பக்தரேதான். "சாமி, விடாதீங்க! செஞ்சு காட்டி இவ வாயை அடைங்க!" என்று ஆடிட்டர் எழுந்து கத்தினார். "ஆமா, ஆமா" என்றது கூட்டம். ஞானிக்குத் தப்ப வழியில்லை.

திரை கட்டியதும் அவள் ரிமோட்டோடு அதன் பின்னால் போய் ஒருமுறை பாட்டைப் போட்டாள். நிறுத்தினாள். சற்றுப் பொறுத்து மறுபடி போட்டாள்.

"முதல்ல கேட்டது பிணம்!" ஞானியின் குரல் தழுதழுத்தது. "ரெண்டாவது... உயிர்! புதுசு!"

"ஆஹா!" என்றது கூட்டம். ஆடிட்டருக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது.

அவள் திரையை விலக்கினாள். புதுப் பெட்டியின் வயர் கழற்றிப் போட்டபடி தரையில் கிடந்தது.

"ரெண்டு தடவையும் பாடினது பழசுதாங்க. ரெண்டாவது தடவை சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தினேன். ஐயா வாராவாரம் பண்றதும் அதான்."

வக்கீல் குனிந்து அந்த வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"இவங்க யாரும் பொய் சொல்லலை," என்றாள் கணவனைப் பார்த்து. "எங்க கடையில லென்ஸை மாத்தாமலே 'இப்போ தெளிவா இருக்கா'ன்னு கேட்டுப் பார்ப்போம். நிறையப் பேர் 'சூப்பர்'னுவாங்க. நல்லா தெரியணும்னு ஆசை, அவ்வளவுதான்."

"அப்போ புதுசு எதுவுமே நல்லா இருக்காதா?" என்றார் பேராசிரியர்.

"ஏன் இருக்காது? நல்லா செஞ்ச புதுசும் இருக்கு, நல்லா செஞ்ச பழசும் இருக்கு. ஒரே அளவு சத்தத்துல, எதுன்னு பார்க்காம கேளுங்க. உங்க காதே சொல்லும்."

"எங்க பெட்டியெல்லாம் எங்கேய்யா அடக்கம் பண்ணே?" என்று வக்கீல் பாய்ந்தார். திரும்பிப் பார்த்தால் ஞானி பின்கதவு வழியாக நழுவிக்கொண்டிருந்தார். கூட்டம் துரத்தியது; ஆடிட்டரும் மனைவியும் கூடவே ஓடினார்கள்.

பின்தெருவில் ஞானியின் மச்சான் ஒரு கடை வைத்திருந்தான். உள்ளே, தூசு தட்டித் துடைத்த பழைய ஸ்பீக்கர்கள் அடுக்கடுக்காய். ஆடிட்டருடையவை நடு அலமாரியில். மேலே பெரிய பலகை: 'இன்றைய பெட்டிகளில் உயிர் இல்லை! பழையதில்தான் தெய்வ ஒலி!'

வாசலில் இன்னொரு கூட்டம். வரிசையில் நின்றிருந்த ஒருவர் ஆடிட்டரின் தோளைத் தட்டினார். "சார், வரிசையில வாங்க. இங்கே காதைத் திறந்து விடுறாங்க."

ஆடிட்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உன் காது நல்ல காதும்மா. என் புத்திதான் பழுக்கலை" என்றார்.

காதைத் திறந்துவிட முன்தெருவிலும் ஆள் இருக்கிறான், பின்தெருவிலும் ஆள் இருக்கிறான். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் நாமேதான் திறக்கவேண்டும், ஐயா. எப்போது திறப்பதாக உத்தேசம்?