பேனரில் காணாமல் போன தாய்மாமன்

புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவனுக்கு, அதைக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் கை சும்மா இருக்காது. கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸையும் போட்டுப் பழகிய புதிதில் எனக்குக் கிடைத்த ஆள் சேகர். (பாவம், அவனுக்குக் கல்யாணம் வேறு.)

ராயபுரத்தில் கல்யாணம் என்றால் நண்பர்கள் பேனர் வைத்தாக வேண்டும். மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி எங்கள் மூஞ்சிகள், எல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு. விண்டோஸில் செய்து டி டிரைவில் வைத்திருந்தேன். சேகர் வந்து பார்த்தான்.

"மாமு, எங்க தாய்மாமன் மூஞ்சி எங்கடா? அது இல்லன்னா மண்டபத்துக்குள்ளயே வரமாட்டாரு. அவரு மாலை எடுத்துக் குடுத்தாதான்டா கல்யாணமே!"

"லினக்ஸ்லயே போட்டுத் தர்றேன் பாரு" என்றேன். (விண்டோஸில் இரண்டு நிமிட வேலை. கேட்டால்தானே!)

லினக்ஸில் விண்டோஸின் டிரைவ் தானாகத் தெரியாது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஃபோல்டரைக் காட்டி அதன்மேல் 'மவுண்ட்' செய்ய வேண்டும்; அப்புறம்தான் டிரைவில் இருப்பது அந்த ஃபோல்டருக்குள் தெரியும். கட்டளை அடித்து டி டிரைவை வரவழைத்ததும் துள்ளிக் குதித்தேன்.

"நம்ம டிரைவு நம்மகிட்டதான கீது? இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சீனு?" என்றான் சேகர்.

பேனரைத் திறந்து மாமாவின் படத்தைச் சேர்த்தேன். அந்த டிரைவைப் படிக்கத்தான் என் லினக்ஸ் விட்டது, எழுத விடவில்லை. அதனாலென்ன? லினக்ஸ் பக்கமே 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, பழைய பெயரிலேயே சேமித்தேன்.

மறுநாள் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று, டி டிரைவை அந்தக் 'கல்யாணம்' ஃபோல்டர்மேலேயே மவுண்ட் செய்தேன். அப்படிச் செய்தால் உள்ளே ஏற்கெனவே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பது இந்த மேதைக்குத் தெரியாது. கண்ணில் பட்டது டி டிரைவிலிருந்த பழைய பேனர். பெயர் அதேதானே! திறந்துகூடப் பார்க்காமல் சிடியில் ஏற்றி அச்சுக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று திருவொற்றியூர் மண்டப வாசலில் மாமா வந்து இறங்கினார். காசிமேட்டில் சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருப்பவர், மீசையும் அதற்கேற்றாற்போல. பேனரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இன்னா நைனா, ஊர்ல கீறவன் மூஞ்சியெல்லாம் கீது. நம்ம மூஞ்சி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று என்னைக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

சேகர் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணம் நின்றாலும் என் கருமாதி நிற்காது என்று தெரிந்தது. "அரை மணி நேரம் மாமா!" என்று அவர் காலில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் பறந்தேன்.

கம்ப்யூட்டரைப் போட்டு, எதையும் மவுண்ட் செய்யாமல் ஃபோல்டரைத் திறந்தேன். மாமா மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார்! அத்தனை பதற்றத்திலும் "அட, இதானா விஷயம்!" என்று கூவிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

புதுப் பேனர் அடிக்க நேரமில்லை. மாமாவின் தலையை மட்டும் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒட்ட இடம் வேண்டுமே! எந்த நண்பனும் தன் மூஞ்சியைத் தரத் தயாராக இல்லை. ஏணியில் ஏறி என் மூஞ்சிமேலேயே ஒட்டினேன்.

மாமா அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். "டி-சர்ட்டு சோக்காகீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு உயிர் வந்தது.

சேகர் வீட்டு ஆல்பத்தில் முதல் போட்டோ அந்தப் பேனர்தான். மண்டை ஓட்டுப் படம் போட்ட டி-சர்ட், என் ஒல்லி உடம்பு, மேலே மாமாவின் மீசை. இதில் நான் எங்கே என்று யார் கேட்டாலும் சேகர் என்னை வாய் திறக்க விடமாட்டான்.

"அவன் மாமாவுக்கு அடியில கீறான்."