நாலே கால் அடி குறைஞ்ச இடிதாங்கி

மதுரை வெயிலுக்கு இந்த ஜில்லாவுலயே ஒரே ஒரு ரசிகைதான் உண்டு. அவங்க எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். ஊரே தலையில துண்டைப் போட்டுக்கிட்டு நிழல் தேடி ஓடும்போது, இந்தம்மா மட்டும் பத்தாம் வகுப்புப் புள்ளைகளை வரிசையாக் கூட்டிக்கிட்டு வெளியே கிளம்பிருவாங்க. கையில செல்போன், தோள்ல அளக்குற டேப்பு, கக்கத்துல கண்ணாடி கீறல் விழுந்த மூணு டேப்லெட். பெத்தவங்க வச்ச பேரு வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் இருந்துச்சு. மத்தபடி ஊருக்கே அவங்க வெயில் டீச்சர்.

நான் அங்க தமிழய்யா. அலங்காநல்லூர் ரோட்டுல சிஸ்டர்மாருக நடத்துற பொம்பளப்புள்ளைக பள்ளிக்கூடம். ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, அதுக்குள்ள இந்தம்மா என்னையும் கிறுக்காக்கிருவாங்கன்னுதான் நெனச்சேன்.

ஒருநாள் சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ்ல போறோம். டீச்சர் செல்போன்ல சாய்வு அளக்குற ஆப்பைத் திறந்து, பஸ் தரையில வச்சுக் குனிஞ்சு பாத்தாங்க.

"கண்டக்டர் அண்ணே, உங்க வண்டி இடப்பக்கம் ஆறு டிகிரி சாஞ்சிருக்கு."

"ஏம்மா, படிக்கட்டுல இருபது பேரு தொங்குறான். சாயாம என்ன செய்யும்?"

"அப்ப ஒரு ஆளுக்கு எம்புட்டு சாயுதுன்னு பாத்துருவோமா? அடுத்த ஸ்டாப்புல ஒவ்வொருத்தரா இறங்கி ஏறச் சொல்லுங்க."

கண்டக்டர் என்னைப் பாத்து, "சார், இவுக உங்க கூட வந்தவுகளா?"ன்னு கேட்டாரு. நான் கூசாம இல்லைன்னுட்டேன்.

இன்னொரு நாள் மைதானம் பூரா கோலமாவுல கட்டம் போட்டாங்க. குறுக்க ஒரு கோடு, நெடுக்க ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளையும் ஒரு புள்ளி. மொட்டைமாடியில ஒரு போனைக் கட்டித் தொங்கவிட்டு, மேலேருந்து எடுத்த படத்தைக் கீழ டேப்லெட்டுல பாத்துப் புள்ளைக நகரணும். பாடம் ஜோரா நடக்கையில வேலி ஓட்டையில ஒரு வெள்ளாடு நுழைஞ்சு கட்டத்துக்குள்ள வந்து நின்னுருச்சு. பின்னாலயே ஆட்டுக்காரர் ஓடிவந்து, "எங்க ஆட்டைப் பாத்தீகளா?"ன்னு வேலிக்கு வெளியே நின்னு கத்துறாரு. நாப்பது புள்ளைகளும் ஒரே குரல்ல, "இடப்பக்கம் மூணு, மேல ரெண்டு!"ன்னு பதில் சொன்னதுக. மனுசன் பேயடிச்ச மாதிரி நின்னுட்டாரு. நான் எட்டாம் வகுப்புல திருக்குறள் நடத்திக்கிட்டிருந்தேன். சத்தத்துல என் குறளும் போச்சு, குரலும் போச்சு. நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கிட்டப் போயி புகார் கொடுத்தேன். கொடுத்தது உண்மைதான், மறைக்கல.

என் புகாரை சிஸ்டர் மேஜை இழுப்பறையில போட்டுட்டாங்க. ஆனா அடுத்து வந்த புகாரை அப்படிப் போட முடியல. கார்த்திகான்னு ஒரு புள்ளை, வகுப்புலயே குட்டையான புள்ளை. அவ அப்பா காட்டு வேலைக்குப் போறவரு. வேலைக்குப் போன கோலத்துலயே, காலு பூரா சேறோட வந்து நின்னாரு.

"சிஸ்டர், நாங்கதான் வெயில்ல கெடந்து சாகுறோம். எம் புள்ளையாவது ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிக்கட்டும்னுதான இங்கன அனுப்புறேன்? அதுவும் களையெடுத்தவ மாதிரி வேர்த்து வடிஞ்சு வருது. இதுக்கு எங்கூடவே வரலாமே?"

வெயில் டீச்சர் முகம் சுண்டிப்போச்சு. "நீங்க சொல்றது சரிதான்ணே. ஆனா உள்ள உக்காந்தா அவளுக்குக் கணக்குன்னாலே பயம். வெளியே வந்த பெறகுதான் கை தூக்குறா"ன்னு மெல்லச் சொன்னாங்க. அவரு "பாத்துச் செய்ங்க"ன்னு கும்பிட்டுட்டுப் போனாரு.

சிஸ்டர் யோசிச்சு ஒரு தீர்ப்பு சொன்னாங்க. அப்பத்தான் பள்ளிக்கூட மணிக்கூண்டுக்கு இடிதாங்கி போடுற வேலை வந்திருந்துச்சு. உச்சியில கம்பி, அங்கேருந்து தரைவரைக்கும் செம்புப் பட்டை. ஒயர்மேன் அண்ணன், "சாரத்துக்கு நாள் வாடகை சிஸ்டர். முன்னாடியே அளவு சொல்லிட்டா பட்டையை வாங்கிவந்து ஒரே நாள்ல முடிச்சிருவேன்"ன்னு சொல்லியிருந்தாரு.

"டீச்சர், ஏறாம உயரம் கண்டுபிடிக்கலாம்னு தினமும் சொல்றீங்கள்ல? உங்க புள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது, என் ரூம்லயே உக்காந்திருக்கணும். சரியா வந்தா வெளியே நடத்துங்க. தப்பா வந்தா, பொதுப் பரீட்சை முடியிற வரைக்கும் நாலு சுவத்துக்குள்ளதான் வகுப்பு."

சரி, மேற்பார்வைக்கு யாரு? இந்த அப்பாவி தமிழய்யாதான்.

கார்த்திகா போனைக் கண்ணோட ஒட்டிப் பிடிச்சு மணிக்கூண்டு உச்சியைக் குறிபார்த்தா. போன் கோணம் சொல்லுச்சு. ரெண்டு பேரு டேப்பால தூரம் அளந்தாக. இன்னும் ரெண்டு பேரு டேப்லெட்டுல முக்கோணம் வரைஞ்சு கணக்குப் போட்டாக. சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாதுன்னு மூணு இடத்துல நின்னு பாத்ததுக. மூணு தடவையும் அதே கார்த்திகா, மூணு தடவையும் அதே அம்பத்தோரு அடி. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. "சிஸ்டர், மூணு வாட்டியும் ஒரே விடை, என் கண்ணால பாத்தேன்"ன்னு சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சிஸ்டரு சிக்கனக்காரவுக. அம்பத்தோரு அடிக்கு மேல ஒரு அங்குலம் வாங்கக் கூடாதுன்னுட்டாக.

சனிக்கிழமை சாரம் கட்டி, உச்சியிலேருந்து பட்டையை அடிச்சுக்கிட்டே இறங்கினாரு ஒயர்மேன். கீழ வந்தாரு, பட்டை வரல. அந்தரத்துல நின்னுக்கிட்டிருக்கு.

"ஐயா, இடி இதுவரைக்கும் வந்துட்டு மிச்சத்துக்கு ஆட்டோவா பிடிச்சுப் போகும்?"னு அவரு என்னையத்தான் கேக்குறாரு. கையெழுத்துப் போட்டவன் நான்தானே.

சிஸ்டர் பாத்தாங்க. "திங்கக்கிழமையிலேருந்து உள்ளதான் டீச்சர்." அம்புட்டுதான் சொன்னாங்க. வெயில் டீச்சர் ஒரு சாக்கும் சொல்லல. "சரிங்க சிஸ்டர்"னு தலையாட்டிட்டு டேப்பைச் சுருட்ட ஆரம்பிச்சாங்க. அதைப் பாத்ததும் எனக்குச் சங்கடமாப் போச்சு. தூக்குல போடணும்னா என்னையத்தான் போடணும்.

தப்பு நம்மதுதான்னு அழுதுக்கிட்டே கார்த்திகா சுவத்துக்கிட்டப் போனா. பட்டையைத் தொட்டுப் பாக்கப் போனவ அப்படியே நின்னுட்டா. பட்டையோட நுனி கரெக்டா அவ கண்ணுக்கு நேரா நிக்குது. முன்னாலயும் பின்னாலயும் தலையை ஆட்டிப் பாத்தா. அடுத்த நொடி போட்டா பாருங்க ஒரு கத்தல்!

"டீச்சர்! நான் தரையிலேருந்து பாக்கல டீச்சர்! என் கண்ணுலேருந்துல்ல பாத்தேன்! கண்ணுக்கு மேல உள்ள உயரந்தான் வந்திருக்கு, கீழ உள்ள என்னை விட்டுட்டோம்!"

ஒயர்மேன் டேப்பைப் பிடுங்கி அளந்தாரு. தரைக்கும் பட்டைக்கும் நாலே கால் அடி. அவளைச் சுவத்தோட நிக்கவச்சுக் கண்ணுவரைக்கும் அளந்தாரு. நாலே கால் அடி. ஒரு நூல் முன்ன பின்ன இல்ல. வகுப்புலயே நெட்டையான புள்ளை பின்னாலேருந்து, "நல்லவேளை நான் பாக்கல ஐயா, இன்னும் முக்கால் அடி போயிருக்கும்"னுச்சு. சிஸ்டருக்கே சிரிப்பு வந்துருச்சு.

வெயில் டீச்சர் அழுதுக்கிட்டே கை தட்டுனாங்க. தப்பு பண்ணுன புள்ளைக்குக் கை தட்டுற ஒரு டீச்சரை என் முப்பது வருச சர்வீஸ்ல அன்னைக்குத்தான் பாத்தேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாங்க. ஒயர்மேன் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்வளவு வேணும்னு என்னைக் கேக்காதீங்க. அந்தப் புள்ளைகிட்டக் கேட்டு வாங்கிட்டு வாங்க"ன்னாங்க. டீச்சர்கிட்ட, "வெளியவே நடத்துங்க. ஆனா பத்து மணிக்குள்ள முடிக்கணும், எல்லாருக்கும் தொப்பி வேணும். அந்த அப்பா சொன்னதும் நியாயந்தான்"ன்னாங்க.

துண்டுப் பட்டையை ஒட்டுவச்சு ஆணி அடிச்சாச்சு. திங்கக்கிழமை கார்த்திகா அப்பா வந்தாரு, இந்தத் தடவை காலைக் கழுவிட்டு. அந்த ஒட்டைத் தடவிப் பாத்துட்டு, "இதான் எம் புள்ளை பண்ணுன தப்பா டீச்சர்?"னு கேட்டாரு.

"தப்புப் பண்ணுனதும் அவதான்ணே, கண்டுபிடிச்சதும் அவதான். நான் ரூமுக்குள்ள உக்காந்திருந்தேன்."

அவரு அந்த ஒட்டுக்கு நேரா குனிஞ்சு, மக கண்ணு மட்டத்துல நின்னு, உச்சிவரைக்கும் ஒருதடவை பாத்தாரு. அப்புறம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நிமிந்து நடந்து போனாரு பாருங்க, அந்த நடை இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இப்பல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா யாரு வந்தாலும், நானே அந்தச் சுவத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போயி ஒட்டைக் காட்டுறேன். "எங்க வெயில் டீச்சர் வகுப்பு"ன்னு பெருமையாவே சொல்றேன். இதை அந்தம்மாகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீக.