மற்றும் உறவினர்களில் ஒருவன் எழுதுவது

செல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை முத்துத்தாய்க்கு அண்ணன் கருத்தக்கண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மதினியும் முலாம் பட்டறையும் நலம். சமயநல்லூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். உன் மகள் ரோகிணி நலமா என்று கேட்கப் போவதில்லை. அதைத்தான் நம் தம்பி ஜெயபாண்டி இடியாப்பக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சட்னியோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறானே. போனில் பேசலாம் என்றால் பாதியிலேயே, "அண்ணே, பால் பொங்குது" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

உன் மகள் பல்கலைக்கழகத்தில் நிக்கல் குழாய் செய்கிறாள். ஒரு தலைமுடியை நூறு கூறாக வகிர்ந்தாலும் ஒரு கூறின் பருமன்கூட வராத குழாய். காந்தத்தைக் காட்டினால் ஓடி வருமாம். சரி, செய்யட்டும். நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் குடும்பத்தில் நிக்கல் யாருடைய தொழில்? சைக்கிள் கைப்பிடியிலிருந்து குத்துவிளக்கு வரை முகம் பார்க்கிற மாதிரி முலாம் போடுகிற தாய்மாமன் நான் ஒருவன் இருக்கும்போது, அவள் போய் நின்றது ஜெயபாண்டி கடையில். இடியாப்பத் தட்டைக் கையில் எடுத்து, "சின்ன மாமா, அலுமினியத்துல செஞ்ச வெள்ளை வில்லை ஒண்ணு இருக்கு. அதுல இந்தத் தட்டு மாதிரியே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. ஓட்டைச் சுவத்துல மட்டும் லேசா நிக்கலப் படிய விட்டுட்டு, அப்புறம் வில்லையக் காஸ்டிக் சோடாவுல கரைச்சிட்டா குழாய் மட்டும் நிக்கும்" என்று விளக்கினாளாம். அன்றிலிருந்து அவன் கல்லாவுக்கு மேலே அந்தக் குழாய்களின் படத்தை மாட்டிவைத்து, "எங்க அக்கா மக நம்ம தட்டப் பாத்துத்தான் இதக் கண்டுபுடிச்சா" என்று ஊரைக் கூட்டுகிறான். எனக்கு வயிறு எரிகிறது, தங்கச்சி. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் அவள் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். பேராசிரியர், அம்மா, அப்பா, "சின்ன மாமா ஜெயபாண்டி", பிறகு "மற்றும் உறவினர்கள்". நான் அந்த மற்றும் உறவினர்களுக்குள் எங்கேயோ கிடக்கிறேன். அழகர்கோவிலில் காது குத்தும்போது அவள் யார் மடியில் உட்கார்ந்தாள்? நனைந்தது யாருடைய பட்டு வேட்டி? ஜெயபாண்டி அன்றைக்கு மலையடிவாரத்தில் குரங்குக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தான்.

என் பெயரும் அந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்றுதான் ஒரு வில்லைக்கு நானே முலாம் போட்டுத் தருகிறேன் என்றேன். பிள்ளை ஆசையாக வில்லையும் தன் கரைசலும் கொண்டுவந்து, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, "மாமா, கரண்ட கொறச்சலாவே இருக்கட்டும். நான் மதினிகிட்ட காப்பி குடிச்சிட்டு வாரேன்" என்றாள் (உன் மதினியை அவளும் மதினி என்றுதான் கூப்பிடுகிறாள், அதையும் நீ திருத்தவில்லை). நம் பட்டறையில் லேசாக என்று ஒரு வேலையே கிடையாது. மருமகள் வேலையில் கஞ்சத்தனம் பண்ணினால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்? கரண்டைக் கூட்டி, தாராளமாக விட்டேன். அவள் வந்து பார்த்ததும் முகம் சுருங்கியது. மறுநாள் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ஜெயபாண்டி கடையில் வைத்தே சொன்னாள். "பெரிய மாமா, குழாயே இல்ல. ஓட்டை அம்புட்டும் அடைச்சு, உள்ள கம்பியா நிக்குது." ஜெயபாண்டி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அண்ணே, நீ தட்டோட சேத்து மாவ வேகவச்சிட்ட." சாப்பிட வந்தவர்களும் சிரித்தார்கள். உள்ளே ஒன்றுமில்லாத குழாய்க்குப் படம் மாட்டுகிறார்கள், கெட்டியாகச் செய்தவனுக்கு இந்த மரியாதை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அவளுடைய வைவாவுக்கு, அதுதான் அந்த வாய்மொழித் தேர்வுக்கு, நான் வரப்போவதில்லை. அன்றைக்குச் சின்ன மாமனே மாலை போடட்டும், சின்ன மாமனே பந்தி வைக்கட்டும். இனி ஜெயபாண்டி இருக்கிற பக்கம் நான் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. ரோகிணிக்கு எந்தக் குறையும் வராமல் மீனாட்சி காப்பாள்.

இப்படிக்கு,
மனம் நொந்த அண்ணன்
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரோகிணி போன் செய்தாள். "பெரிய மாமா, நீங்க அடைச்சுவச்ச வில்லையவும் ஆய்வேட்டுல படமாப் போடுறோம். கரண்டு கூடுனா எப்பிடிக் கெட்டுப்போகும்னு காட்ட இம்புட்டுத் தெளிவா வேற கெடைக்கல. படத்துக்குக் கீழ உங்க பேரப் போடச் சொல்லிட்டாரு சாரு" என்றாள். ஆகவே மேலே எழுதியதை நீ படிக்கவேண்டாம். வைவாவுக்கு முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வை, மாலை நான் கொண்டுவருகிறேன். கெட்டுப்போனது என்பதையெல்லாம் இங்கிலீஷில்தானே எழுதியிருப்பார்கள், நம் சனத்தில் யார் படிக்கப்போகிறார்கள்? ஒன்றை மட்டும் அவளிடம் நைசாகக் கேட்டுச் சொல். ஜெயபாண்டி பேர் போட்டு ஆய்வேட்டில் படம் எதுவும் கிடையாதுதானே?