அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட புறம்போக்கு

பம்மல்,
9.8.2008, சனிக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் புது வீடும் உடைய ஜாகிர் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், அத்தா, அம்மா மூவரும் நலம். இதில் என் நலம் மட்டும் திங்கட்கிழமை காலை பத்து மணி வரைக்கும்தான் செல்லும். அங்கு தாங்கள், மாமி, ஊரப்பாக்கம் வீட்டுக் குளியலறையில் குடியேறியிருக்கும் தவளைகள் ஆகிய அனைவரின் நலமும் அறிய ஆவல். லேக் வியூ அவென்யூவில் ஏரியைப் பார்க்க மொட்டைமாடிக்குக்கூட ஏற வேண்டாமாமே, மழை பெய்தால் ஹாலிலிருந்தே தெரிகிறதாமே. மெஹ்னாஸ் சொன்னாள். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

இந்தக் கடிதத்தை நாளை கொண்டு வருபவளும், இங்கே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் அருமை மகள் மெஹ்னாஸ்தான். போனில் சொல்லியிருப்பேன், எங்கள் வீட்டு போன் அத்தாவின் சட்டைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. வழியில் அவள் பிரித்துப் படிக்காமலிருக்க உறையின் நாலு பக்கமும் மைதாப் பசை தடவப் போகிறேன். விஷயம் அவ்வளவு ரகசியம். சுருக்கமாகச் சொன்னால், திங்கட்கிழமை காலை நீங்கள் என் கார்டியனாகப் பள்ளிக்கு வந்து "இவன் நல்ல பையன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வராவிட்டால் டெல்லி போச்சு. அத்தாவுக்குத் தெரிந்தால் டெல்லியோடு சனி ஞாயிறும் போச்சு, பிளைவுட் கடையில் உட்கார வைத்துவிடுவார். விரிவாகச் சொன்னால் கீழே உள்ளபடி.

எங்கள் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறார்கள். நன்றாக நடத்தும் பள்ளியை ரயிலில் டெல்லிக்குக் கூட்டிப்போய் அசல் நாடாளுமன்றத்தைக் காட்டுவார்களாம். மாமா, வடக்கே நான் அதிகபட்சம் போனது பாரீஸ் கார்னர், அதுவும் கடைக்கு ஸ்க்ரூ வாங்க. அதனால் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சமூக அறிவியல் ராஜாராமன் சார் அவர் கையாலேயே 'நிலச் சீர்திருத்த மற்றும் பருவநிலை மாற்ற மசோதா' என்று இருபத்திரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். மசோதா யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டதும் பாதிப் பேர் மசால் தோசை என்று நினைத்துக் கையைத் தூக்கினார்கள். குப்புராஜைப் பருவநிலை அமைச்சராக நான்தான் முன்மொழிந்தேன், முகத்தில் பரு வரும் நிலையில் அவனைவிடத் தகுதியானவர் வகுப்பில் யாருமில்லை. என்னை நிலைக்குழுத் தலைவராக்கினார்கள். மசோதாவை வரி வரியாக ஆராய்ந்து அவைக்கு அறிக்கை தருவதுதான் வேலை. நிலைக்குழு என்றால் நிற்கிற குழு என்று உறுப்பினர்களிடம் விளக்கினேன். பத்துப் பேரும் மூன்று நாள் மதிய இடைவேளை முழுக்க நின்றுகொண்டே ஆராய்ந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன், தலைவர் என்பதால். நாலாம் நாள் சார் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, எல்லாரும் பனிஷ்மெண்ட்டா?" என்றார். அது முதல் எச்சரிக்கை.

அந்த மசோதாவின் ஏழாம் பக்கத்தில்தான் மாமா அந்த வார்த்தையைப் பார்த்தேன். யார் பேரிலும் இல்லாத பொது நிலத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர் புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு. பம்மல் ஷேர் ஆட்டோக்காரர் குறுக்கே வருகிறவனைப் பார்த்துச் சொல்கிற அதே வார்த்தை, சட்டத்துக்குள் சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் நாற்பத்தி மூன்று இடம். ஒருத்தரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் காத்திருந்தேன். நான் சுத்தம் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் சொல்லவில்லை, கவனிக்கவும்.

நேற்று வெள்ளிக்கிழமை அவை கூடியது. சபாநாயகர் ரோஸி, சுத்தியலுக்குப் பதில் சப்பாத்திக் கட்டை. பார்வையாளராக யக்ஞநாராயணன் சார் என்று ஒருவர் வந்திருந்தார், வருவாய்த் துறையில் முப்பத்தி நாலு வருஷம் இருந்து ரிட்டயர்டு ஆனவர். போன வாரமே நிலைக்குழுவுக்கு ஒரு பட்டியல் கொடுத்து அனுப்பியிருந்தார். இந்தப் பக்கம் எந்தெந்த சர்வே நம்பர் பழைய ரிக்கார்டில் ஏரி என்று பொடி எழுத்தில் மூன்று பக்கம். தலைவரே படித்துவிட்டால் உறுப்பினர்களுக்கு வேலை இருக்காது என்று நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். தலைவர் படித்திருப்பார் என்று அவர்கள் தொடவே இல்லை. டெல்லியில் எப்படி என்று தெரியாது, போனால்தானே பார்க்க.

எதிர்க்கட்சித் தலைவர் ஜீவானந்தம். நம் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க வருவானே, அதே ஜீவாதான். முடிச்சூர்ப் பக்கம் வீடு. 2005 மழையில் கட்டில் வரைக்கும் தண்ணீர் வந்து, அலமாரி மேல் உட்கார்ந்து படித்தவன். ஏரிகளை மீட்டால்தான் மழைக்குத் தாங்கும் என்று குப்புராஜ் பேசி முடித்ததும் ஜீவா எழுந்தான்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, ஏரி எங்க வூட்டுக்கு வந்துச்சா, நாங்க ஏரிக்குப் போனமா? அத்த மொதல்ல சொல்லுங்க. எங்க தெரு உங்க லிஸ்ட்ல இன்னான்னு போட்டு கீது?"

பட்டியலின் முதல் வரியே அவன் தெருதான். எழுந்தேன், தொண்டையைச் செருமினேன், இரண்டு வாரம் காத்த வாய் என்பதால் தெரு என்ற சொல் தானாக விட்டுப் போனது.

"நீ புறம்போக்கு."

அப்புறம் நடந்தது கூச்சல் குழப்பம். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. ஜீவா மட்டும் வெளியே போகாமல் நேராக என் சட்டைக்கு வந்தான். ராஜாராமன் சார் இடையில் புகுந்து என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னடா வார்த்தை இது?" என்று கேட்க, நான் உண்மையைச் சொன்னேன்: "திட்டலை சார், வகைப்பாடு." அதற்குள் ரோஸி சப்பாத்திக் கட்டையால் மேசையை இடித்து, அந்த வார்த்தை எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். செயலாளர் இரம் சொன்னதைச் செய்கிற பெண். ஸ்கேல் வைத்து நாற்பத்தி மூன்று இடத்திலும் அடித்தாள். மசோதாவில் மிஞ்சியது 'ஏரி', 'ஓடை', 'ஆகியவை', 'இதன்படி' மட்டும். யக்ஞநாராயணன் சார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "ஏம்மா, முப்பத்தி நாலு வருஷம் நான் பார்த்த உத்தியோகத்தையே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டியேம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவருக்கு சோடா வாங்கி வந்தது நான்தான், இந்த நற்செயலை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை.

முடிவு என்னவென்றால், திங்கட்கிழமை பத்து மணிக்குள் கார்டியன் வந்து பேசாவிட்டால் என் பெயரை டெல்லிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், இரம் ஸ்கேலோடு தயாராக இருக்கிறாள். ஜீவாவோ என்னோடு பேசுவதில்லை. அது டெல்லியைவிடக் கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆகவே மாமா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். அத்தாவிடம் மூச்சு விடாதீர்கள். யக்ஞநாராயணன் சாரும் வருவார், உங்கள் லேக் வியூ பற்றிப் பேச்சுக் கொடுங்கள், ஏரி என்றால் அவருக்கு உயிர். யக்ஞநாராயணன் என்று தடுக்காமல் சொல்ல மட்டும் ரயிலில் பழகிக்கொண்டு வரவும்.

மாமிக்கு என் சலாம். தவளைகளுக்கும் கிடைக்கும்படி சத்தமாகச் சொல்லவும். அல்லாஹ் உங்கள் வீட்டுக்கு பரக்கத்தையும் அளவான மழையையும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் ஒரே நம்பிக்கையும் தங்களையே நம்பியிருப்பவனுமான மருமகன்,
ஆசிப்

பி.கு: மைதாப் பசை காய்ச்ச அடுப்படிக்குப் போன நேரத்தில் மெஹ்னாஸ் இதைப் படித்துவிட்டாள். படித்ததோடு நிற்காமல், "மாமா, ஆசிப் நல்லா எழுதுறான் பாருங்க" என்று அத்தாவிடமே கொடுத்துவிட்டாள். கூடவே, யக்ஞநாராயணன் சாரோடு பேச உங்களுக்கு உதவட்டும் என்று நான் கடிதத்தோடு பின் அடித்திருந்த அந்த மூன்று பக்கப் பட்டியலையும். அத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் படித்தார். எங்கள் நாடாளுமன்றத்தில் அதை முழுசாக ஆராய்ந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டாம் பக்கத்தில் ஊரப்பாக்கம் சர்வே நம்பர் ஒன்றில் விரல் நின்றது. "உன் மாமன் ரெண்டு வருஷமா லேக் வியூ, லேக் வியூன்னு சொல்லிக்கினு கீறாரு. வியூ இல்லடா, மனுஷன் லேக்லயே கீறாரு" என்று டீ புரையேறும் வரை சிரித்தார். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து யார் போட்டது என்று மெதுவாகக் கேட்டேன். சிரிப்பு நின்றது. படித்துப் பார்த்துப் போட்டீர்களா என்றும் கேட்டேன். டெல்லி விஷயத்தை அவரே வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே நீங்கள் கார்டியனாக வர வேண்டாம். பத்திரத்தோடு, சாட்சியாக வாருங்கள். யக்ஞநாராயணன் சார் பார்த்து வழி சொல்வார். நாற்காலி எதிர்பார்க்காதீர்கள், அது நிலைக்குழு. ஜீவாவைக் கேட்டில் பார்த்ததும், எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார் என்று உங்களைத்தான் முதலில் அறிமுகப்படுத்தப் போகிறேன். என்ன சொல்லி என்று உங்களுக்கே தெரியும். திட்டு இல்லை மாமா, வகைப்பாடு.